ஐப்பசி மழைக்கு முன் வேர்களைக் கவனியுங்கள்

சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் எங்களுக்கோ, மழை ஓய்ந்த பிறகுதான் அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. புல் மஞ்சளாகிவிட்டது, மாமரம் சாய்ந்துவிட்டது, செடிகள் அழுகிவிட்டன என்பார்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் சில வேலைகளைச் செய்திருந்தால் எளிதாகத் தடுத்திருக்கக்கூடிய சேதங்கள் இவை.

வேர் தண்ணீரைக் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேர் மூச்சுவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து வேர் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றாலோ, மேலே கான்கிரீட் மூடிக்கொண்டாலோ வேர் சாகத் தொடங்கும். நான் பார்க்கும் தோட்டச் சேதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

முதலில் மரங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே உயிர் ஆபத்தும் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அப்போது அப்புறப்படுத்தப்பட்ட மரங்களின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல மரங்களுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பள்ளம் தோண்டியபோது வெட்டுப்பட்ட வேர்கள் அவை. மரத்துக்கு உணவூட்டும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மட்ட ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் பரவுகிறது, அதுவும் கிளைகளின் விளிம்பையும் தாண்டி. அங்கே சிமென்ட் தரை போட்டால் மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று, ஒரு பெருங்காற்றில் சாய்ந்துவிடும். ஆகவே அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்காவது கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிடுங்கள். இன்னும் அகலமாக எடுக்க முடிந்தால் மிக நல்லது. அடியில் ஓடும் வேர்களில் கடப்பாரை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, மழைக்கு முன் மரத்தை மொட்டையடிக்கும் வழக்கம். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. உச்சியை வெட்டிய இடத்தில் ஆறாத பெரிய காயம் உண்டாகிறது, அதன் வழியே அழுகல் இறங்குகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி வேகமாகக் கிளம்பும் போத்துகள், அதாவது புதுக் கிளைகள், மரத்தோடு உறுதியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை கனத்துவிடும், அடுத்த புயலில் முறிந்து விழுவதும் அவைதான். பட்டுப்போன கிளைகள், ஒன்றோடொன்று உராயும் கிளைகள், கூரை மேல் நீண்டவை ஆகியவற்றை மட்டும் எடுத்துக் காற்று புகுந்து போக வழிசெய்தால் போதும். கிளை பிறக்கும் இடத்திலுள்ள சற்றே தடித்த வளையத்தை விட்டுவிட்டு வெட்டினால் காயம் தானே மூடிக்கொள்ளும்.

தென்னையில் பச்சை மட்டைகளை வெட்டாதீர்கள். புதுக் காயத்தின் வாசனைக்கு, தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடிமட்டையில் ஒரு மீட்டருக்கு மேல் விட்டு வெட்டுங்கள். காய்ந்த மட்டைகளையும், தலைமேல் விழக்கூடிய முற்றிய காய்களையும் மழைக்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.

இனிப் புல்தரை. புது வீடுகளில் கட்டட இடிபாடுகளின் மேல் அரையடி செம்மண்ணைக் கொட்டிக் கொரியன் புல்லைப் பதித்துவிடுகிறார்கள். வெயில் காலத்தில் அழகாகத்தான் இருக்கும். மழையில் அடியில் தண்ணீர் வடிய வழியில்லாமல் வேர் மூச்சுத்திணறும், பூஞ்சை பிடிக்கும், வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றும். உங்கள் புல்தரையில் ஓர் அடி ஆழத்துக்குச் சிறு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது மணிக்கணக்கில் வற்றாமல் நின்றால் வடிகால் சரியில்லை என்று பொருள். மண்ணைக் குத்தும் தோட்ட முள்கரண்டியால் சில அங்குல இடைவெளியில் ஆழமாகக் குத்தி, அந்தத் துளைகளில் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்ப வேண்டும். தரையின் சாய்வு, வீட்டுச் சுவரை நோக்கி அல்லாமல் மழைநீர்க் குழியை நோக்கி இருக்கட்டும். தமிழகத்தில் 2003 முதல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழியைத் தூர்வார இதுவே நேரம். மொட்டை மாடித் தண்ணீரைக் குழிக்கு விட்டுவிட்டு, முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்து அங்கே விழும் மழையைத் தெருவுக்கு அனுப்புவது எனக்குப் பெரும் வருத்தம்.

மழைக் காலத்தில் யூரியா போடாதீர்கள், பாதிக்கு மேல் அடித்துப் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய, நோய்க்கு எளிதில் இரையாகும் தளிரைத்தான் தரும். ஈரமாக இருக்கும்போது புல் வெட்டவும் கூடாது. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். புல்லுக்கிடையே வரும் கோரைக் களையை இழுத்துப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி மீண்டும் முளைக்கும். மண் நெகிழ்ந்திருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு கிளறி எடுக்க வேண்டும்.

மாமரத்து நிழலில் புல் வளர்க்கக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். அந்த இடத்தில் உதிர்ந்த இலைகளை அப்படியே விட்டுவிடுங்கள், மண்ணுக்கு அதைவிட நல்ல போர்வை இல்லை.

கோடைக்கான கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். 500 சதுர அடிப் புல்தரை ஏறக்குறைய 46 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் கொடுத்தால் 230 லிட்டர் ஆகிறது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில் இது சிறிய அளவு அல்ல. புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் நடக்கவும் உட்காரவும் தேவையான அளவுக்கு மட்டும் புல் வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் புங்கன், மகிழம், நந்தியாவட்டை, செம்பருத்தி என்று நடலாம். இருக்கும் புல்லுக்கும் தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. வேர் கீழே இறங்கும்.

இத்தனை செய்தும் புயலில் இளம் மரம் சாய்ந்துவிட்டால் உடனே வெட்டிவிடாதீர்கள். வெளியே தெரியும் வேர்களை நனைத்த சாக்கால் மூடுங்கள், காய்ந்தால் பிழைக்காது. முறிந்த கிளைகளை நீக்கிவிட்டு, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி மண் அணைத்து, மூன்று பக்கமும் முட்டுக்கொடுங்கள். கயிறு பட்டையை அறுக்காமலிருக்க இடையே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். அடுத்த மழைக்காலம் வரை முட்டுகளை எடுக்க வேண்டாம்.