எஸ்-6 என்பது பெட்டியின் பெயர் அல்ல

ரயில் நிலையத்துக்குள் வரும்போது, தண்டவாளத்தின் ஓரத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அவர் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு, அதாவது ரயில் பெட்டிகளைச் சோதித்துப் பராமரிக்கும் பிரிவு, ஆள். என் வேலையும் அந்தப் பிரிவில்தான். அங்கே கண்ணுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை காதுக்கும் மூக்குக்கும் உண்டு. நல்ல சக்கரம் ஒரே சீராக உருளும். ஒரு இடத்தில் தேய்ந்து தட்டையான சக்கரம், சுற்றுக்கு ஒருமுறை தண்டவாளத்தை ‘டக்’ என்று அடிக்கும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால் கருகல் வாடை முன்னால் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயணியின் புகார் எங்களிடம் வந்தது. “எஸ்-6 பெட்டியில் ராத்திரி முழுக்கக் கீழே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, குழந்தை தூங்கவே இல்லை” என்று எழுதியிருந்தார். பயணம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த ரேக் (ஒரு ரயிலாகச் சேர்ந்து ஓடும் பெட்டி வரிசை) பிட் லைனுக்கு, அதாவது கீழே இறங்கிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பள்ளம் வெட்டிய தடத்துக்கு, வந்ததும் எஸ்-6 பெட்டியின் எட்டுச் சக்கரங்களையும் பார்த்தோம். ஒன்றிலும் குறையில்லை. அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் பார்த்தது வேறு பெட்டி. அவர் பயணம் செய்த பெட்டியைத் தண்ணீர்க் குழாய் வேலைக்காகக் கழற்றியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அது இன்னொரு ரேக்கில் சேர்ந்துவிட்டது. அவருடைய எஸ்-6 இப்போது வேறொரு ரயிலில் எஸ்-2.

இதைத்தான் பயணிகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எஸ்-6, பி-2, ஏ-1 எல்லாம் அன்றைய ரயிலில் அந்தப் பெட்டி நிற்கும் இடத்தின் பெயர். எஸ் என்றால் படுக்கை வகுப்பு, பி மூன்றடுக்கு ஏசி, ஏ இரண்டடுக்கு ஏசி, எச் முதல் வகுப்பு ஏசி. பெட்டியை மாற்றினால் இந்தப் பெயரும் மாறிவிடும். பெட்டியோடு நிலையாக ஒட்டியிருப்பது அதன் எண்தான். பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருக்கும் அந்த எண்ணைப் பலரும் ஏதோ ஆபீஸ் கணக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதைப் படிப்பது ரொம்பச் சுலபம். பல வருடங்களாக இருந்துவரும் முறையில் ஐந்து இலக்கம். முதல் இரண்டும் பெட்டி கட்டப்பட்ட வருடம். கடைசி மூன்றும் அது எந்த வகை என்று சொல்லும். 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏசி, 201 முதல் 400 வரை படுக்கை வகுப்பு, 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத பொதுப் பெட்டி, எழுநூறுகள் கார்டு வேனும் லக்கேஜும் சேர்ந்த பெட்டி. 09232 என்றால் 2009-ல் கட்டிய படுக்கைப் பெட்டி. சமீபத்திய பெட்டிகளில் ஆறு இலக்கம் எழுதுகிறார்கள். அங்கேயும் முதல் இரண்டு வருடம்தான், மீதிக்கு இந்தப் பழைய அட்டவணை பொருந்தாது.

புகார் எழுதியவர் ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். அவர் மகள் வாசற்படி அருகே நின்று கையசைக்கிறாள். அவளுக்குப் பின்னால் பெட்டி எண். முதல் இரண்டு இலக்கத்தை அவள் தோள் மறைத்திருந்தது, 232 மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் டிப்போ கணக்கில் 232 என்று முடியும் பெட்டிகள் மூன்றே மூன்றுதான். எது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து, வந்த இடத்திலேயே அதை நிறுத்தினோம். ஒரு சக்கரத்தில் தட்டை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எங்கள் காதுக்குத் தப்பியது அந்தக் குடும்பத்தின் காதில் விழுந்திருக்கிறது. பெட்டியைச் சிக் லைனுக்கு, பழுதான பெட்டிகளைச் சரிசெய்யும் தடத்துக்கு, அனுப்பி, அந்த ஜோடிச் சக்கரத்தையே மாற்றினோம்.

எண்ணோடு சேர்த்து ஆங்கில எழுத்துகளும் இருக்கும். பழைய படுக்கைப் பெட்டியில் டபிள்யூ-ஜி-எஸ்-சிஎன் என்று பார்க்கலாம். டபிள்யூ என்றால் பக்கத்துப் பெட்டிக்கு நடந்து போக வழி உண்டு. ஜி என்றால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். கீழே அச்சோடு பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டர் 110 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். ரயில் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால் அந்தப் பெட்டிகளில் விளக்கு மங்குவது இதனால்தான். எஸ் இரண்டாம் வகுப்பு, சிஎன் மூன்றடுக்குப் படுக்கை. சிடபிள்யூ இரண்டடுக்கு, சிஇசட் உட்காரும் இருக்கை. நடுவில் ஏசி என்று வந்தால் குளிர்வசதி.

இவற்றில் பயணி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது முதலில் வரும் எல். அது எல்எச்பி வகை. ஜெர்மன் வடிவமைப்பு, 2000-ல் இந்தியாவுக்கு வந்தது. பழைய ஐசிஎஃப் வகையில் பெட்டிகளைத் திருகுக் கொக்கியால் இணைத்து, இரு பக்கமும் இடியைத் தாங்கும் பஃபர் வைத்திருப்பார்கள். மோதல் நடந்தால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் மேல் ஏறிவிடும் ஆபத்து அதில் அதிகம். எல்எச்பியில் நடுவில் இறுக்கிப் பிடிக்கும் ஒற்றை இணைப்பு. பெட்டிகள் தடம் புரண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதற்காகவே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். நீளமும் கூடுதல், அதனால் படுக்கை வகுப்பில் 72-க்குப் பதில் 80 பேர். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெயரைத்தான் அந்தப் பழைய வடிவமைப்புக்கும் வைத்துவிட்டோம். அந்த வடிவமைப்பைப் பெரம்பூர் 2018-லேயே நிறுத்திவிட்டது. இன்று அங்கே தயாராவது எல்எச்பியும் வந்தே பாரத்தும். ஆகவே ‘ஐசிஎஃபில் செய்தது’ என்று பலகையில் பார்த்ததும் பழைய வகை என்று முடிவு செய்துவிடாதீர்கள். எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜினுக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அர்த்தம் வேறு. அங்கே டபிள்யூ என்றால் அகலப் பாதை, 1676 மில்லிமீட்டர். ஒய் மீட்டர் கேஜ். இரண்டாவது எழுத்து டி என்றால் டீசல், ஏ என்றால் மாறுதிசை மின்சாரம். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்லும்: பி பயணிகள், ஜி சரக்கு, எம் இரண்டும், எஸ் யார்டில் பெட்டி தள்ளுவது. அப்படியென்றால் டபிள்யூஏபி-7, அகலப் பாதையில் மின்சாரத்தில் ஓடும் பயணிகள் இன்ஜின். விழுப்புரம் பக்கம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்ஏஎம்-1 ஞாபகம் இருப்பவர்கள் அதையும் இப்படியே பிரித்துப் படிக்கலாம். மீட்டர் கேஜில் மின்சாரத்தில் இழுத்த இன்ஜின் வகை அது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியில் வரும் எண்ணில்தான் கவனம் வேண்டும். டபிள்யூடிஎம்-2 என்பதில் 2 வெறும் வரிசை எண், இன்ஜினின் சக்தி 2600 குதிரைத்திறன். பிறகு வந்த டீசல் இன்ஜின்களில் எண்ணுக்கே சக்தி என்ற பொருள் வந்தது. டபிள்யூடிஎம்-3ஏ என்றால் 3000, ஏ-வுக்கு இன்னொரு நூறு, மொத்தம் 3100. மின்சார இன்ஜின்களில் பெரும்பாலும் பழையபடி வரிசை எண்தான். டபிள்யூஏபி-7 ஏழாயிரம் அல்ல, ஆறாயிரத்துச் சொச்சம். ஆனால் மாதேபுராவில் தயாராகி 2020-ல் ஓடத் தொடங்கிய சரக்கு இன்ஜின் டபிள்யூஏஜி-12 நிஜமாகவே 12,000 குதிரைத்திறன்.

பெட்டியின் கடைசிச் சுவரில், அடுத்த பெட்டியோடு இணையும் பக்கத்தில், சின்ன எழுத்தில் இன்னொரு தகவலும் இருக்கும்: ரிட்டர்ன் டேட். பெரிய பராமரிப்புக்காக எந்தப் பணிமனைக்கு எப்போது திரும்ப வேண்டும் என்ற குறிப்பு அது. எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பயணத்தில் இருக்கும்போது புகார் சொல்ல 139-க்கு அழைத்தால் எஸ்-6, பெர்த் எண், பிஎன்ஆர் போதும். சத்தம் எந்தப் பக்கத்துக் கழிப்பறைக்குக் கீழே என்றும் சேர்த்துச் சொன்னால், அடுத்த நிலையத்தில் எங்கள் ஆள் நேராக அந்தச் சக்கரத்துக்கே போவார். புகையோ கருகல் வாடையோ வந்தால் போனை எடுப்பதற்கு முன் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அவர் உடனே கார்டுக்குத் தகவல் கொடுப்பார். வீடு போய்ச் சேர்ந்த பிறகு எழுதும் புகார் என்றால் மட்டும் பெட்டி எண் இல்லாமல் எழுதாதீர்கள். ஏறும்போதே வாசல் பக்கம் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும், குழந்தையை எண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி.