அரசு வேலை கிடைத்தாச்சு, அப்புறம்? சம்பளம், மதிப்பீடு, பதவி உயர்வு: நம்ம கடலோரப் பிள்ளைகளுக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி என்று நம் கடற்கரை ஊர்களில் குரூப் 4 எழுதித் தேறி வேலையில் சேர்ந்த பிள்ளைகளில் நிறைய பேர் அவர்கள் வீட்டின் முதல் அரசு ஊழியர்கள். தேர்வுக்குப் படிக்கும்போது வழிகாட்ட பயிற்சி மையம், புத்தகம், யூடியூப் எல்லாம் இருக்கிறது. சேர்ந்த மறுநாளிலிருந்து பக்கத்து மேசைக்காரர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடுகிறது, அதில் பாதி பழைய விதியாக இருக்கும். சம்பளம் பெரும்பாலும் தானாக ஏறிவிடும், பதவி தானாக ஏறாது. இந்த வித்தியாசம் புரியாமல் பத்து வருடம் போன பிறகு வருத்தப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சம்பளம். தமிழக அரசு ஊழியர்களுக்கு இப்போது நடப்பில் இருப்பது 2017-ம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகள். 2016 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு, பணப்பயனை 2017 அக்டோபர் 1 முதல் கொடுத்தார்கள். மொத்தம் 32 ஊதிய நிலைகள். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் எல்லாம் நிலை 8, அதாவது 19,500 – 71,900. இந்த 71,900-ஐப் பார்த்து வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள், அது அந்த நிலையின் கடைசிப் படி, அங்கே போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். கையில் வருவதை இப்படிப் பாருங்கள்: அடிப்படை ஊதியம் 19,500. அகவிலைப்படி 2025 ஜூலைக் கணக்கில் 58 சதவீதம், அது 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. இதன் மேல் வீட்டு வாடகைப்படி (ஊரின் தரத்தைப் பொறுத்து மாறும், சென்னைக்காரருக்கு வருவது நமக்கு வராது), மருத்துவப்படி 300. கழிவில் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம், இந்தக் கணக்குக்கு 3,081 ரூபாய். பாங்கில் கடன் வாங்கும் முன் இந்தப் பிடித்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம். 19,500 அடுத்த வருடம் 20,100, அதற்கடுத்து 20,700, பிறகு 21,300. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்ற நான்கு தேதிகளில் ஒன்று உங்களுடையதாக இருக்கும். இதற்கு யாரும் உங்களுக்கு மார்க் போட வேண்டியதில்லை, தண்டனையாக நிறுத்தாத வரைக்கும் அது வந்தாக வேண்டும். ஆனால் சம்பளமில்லா அசாதாரண விடுப்பு எடுத்தால் பொதுவாக அந்த நாட்கள் ஊதிய உயர்வுக்குச் சேராது, தேதி தள்ளிப்போகும். குரூப் 2-க்குப் படிக்கிறேன் என்று மாதக்கணக்கில் லாஸ் ஆஃப் பே போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடட்டும். உயர்கல்வித் தகுதிக்குக் கொடுத்துவந்த முன் ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் ரத்தாகிவிட்டது, இன்னமும் அதை நம்பி அஞ்சல் வழியில் முதுகலை சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். படிப்புக்காகப் படிக்கலாம், இதற்காக வேண்டாம்.

இனி எஸ்.ஆர்., அதாவது பணிப்பதிவேடு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நீங்கள் சேர்ந்த நாள், முற்பகலா பிற்பகலா, ஒவ்வொரு ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்புக் கணக்கு, தேறிய துறைத் தேர்வு, பெற்ற பயிற்சி, வாங்கிய தண்டனை எல்லாம் அதில்தான். வருடா வருடம் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, பணிக்காலம் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி அலுவலகத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். திருவாடானையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு, அங்கிருந்து கடலாடிக்கு என்று மாறிப் போகிறவர்களின் பதிவேட்டைப் புரட்டினால் இடையில் ஒரு வருடம் சரிபார்ப்பு இருக்காது, விடுப்புக் கணக்கு பழைய ஆபீசோடு நின்றிருக்கும், தேறிய தேர்வின் பதிவே இருக்காது. அன்றைக்கு இருந்த எழுத்தர் மாறிப் போயிருப்பார், அப்புறம் யாரைக் கேட்பது? இப்போது பதிவேடு மின்னணுமயமாகி, அரசின் களஞ்சியம் செயலியில் சம்பளச் சீட்டு, விடுப்பு விவரம் பார்க்க முடிகிறது. ஆனால் காகிதத்தில் இருந்த தவறு அப்படியே கணினியில் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. வருடம் ஒருமுறை பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிழை இருந்தால் எழுத்தில் மனு கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்கி வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது தகுதிகாண் பருவம், ஆபீசில் புரொபேஷன் என்பார்கள். தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு பணி முடிக்க வேண்டும். அமைச்சுப் பணியில், அதாவது இளநிலை உதவியாளர் போன்ற அலுவலக எழுத்து வேலையில் சேர்ந்தவர்களுக்கு, பவானிசாகர் பயிற்சி நிலையத்தின் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: 12 மாத மகப்பேறு விடுப்பைத் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 2025-ல் அரசு அறிவித்தது. அதற்கு முன் பிள்ளை பெற்ற காரணத்துக்காகவே உடன் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் போனவர்கள் உண்டு.

துறைத் தேர்வுகளைத் தேர்வாணையம் வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்குத் தேர்வு, மாவட்ட அலுவலக நடைமுறைத் தேர்வு, வருவாய்த் துறை என்றால் வருவாய்த் தேர்வுகள். உங்கள் பதவிக்கு எது வேண்டும் என்று சேர்ந்த மாதமே பணியமைப்புப் பிரிவில் (ஊழியர் விவரங்களைப் பார்க்கும் பிரிவு) கேளுங்கள். கல்யாணம், குழந்தை, புயல் பணி, தேர்தல் பணி என்று ஒவ்வொன்றாக வரும் முன்பே முதல் இரண்டு வருடத்தில் எழுதித் தள்ளிவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும்போது ஒரு குறிப்பிட்ட நாளைப் பார்ப்பார்கள், ஆபீசில் குரூஷியல் டேட் என்பார்கள். அந்த நாளில் தேர்வும் பயிற்சியும் முடிந்திருக்க வேண்டும், மறுநாள் முடிவு வந்தாலும் அந்தப் பட்டியலுக்கு உதவாது, உங்களுக்குக் கீழே இருந்தவர் மேலே போய்விடுவார்.

அதே பட்டியலைத் தடுக்கும் இன்னொன்று, அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வரும் 17(அ), 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை. முதலாவது சிறு தண்டனைக்கு, இரண்டாவது விசாரணை அதிகாரி வைத்து நடத்தும் பெரிய தண்டனைக்கு. 17(ஆ) நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வு நிற்கும். சிறியதுதானே என்று விளக்கம் கொடுக்காமல் விடுவதும், மேலதிகாரி பார்த்துக்கொள்வார் என்று வாய்வார்த்தையை நம்புவதும் வேண்டாம். ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஊதிய உயர்வை நிறுத்தி உத்தரவு வந்தால், நிறுத்தியது காலம் முடிந்ததும் திரும்பி வருமா, கடைசிவரை போய்விடுமா என்று அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். ஓய்வூதியம் வரைக்கும் அதன் பாதிப்பு போகும்.

பதவி உயர்வே வராமல் ஒரே பதவியில் 10 ஆண்டு இருந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை, அதாவது பதவி மாறாமல் சம்பளம் மட்டும் ஏறும். இதிலும் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். முதுகுளத்தூர் பக்கம் போட்டுவிடுவார்கள், பிள்ளை படிப்பு கெடும் என்று சிலர் பதவி உயர்வே வேண்டாமென உரிமைவிடல் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடும் முன், இதனால் தேர்வு நிலைக்கும் அடுத்த பட்டியலுக்கும் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, மதிப்பெண் போடும் முறை யாருக்கு? ராமேஸ்வரம் சுங்கத்துறை, ரயில்வே, தபால் துறை போன்ற மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் அபார் என்னும் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு ஆண்டு, 1 முதல் 10 வரை மதிப்பெண். 8-ம் அதற்கு மேலும் மிகச் சிறப்பு, 6 முதல் 8-க்குள் மிக நன்று, 4 முதல் 6-க்குள் நன்று. நன்று வாங்கினால் நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. பதவி உயர்வு வராதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. என்னும் சம்பள நிலை உயர்வுக்கு (நிதி உயர்வு) 2016 ஜூலை முதல் மிக நன்று வேண்டும். பதவி உயர்வு வந்து மறுத்தாலும் இந்த நிதி உயர்வு பாதிக்கும். கிராமிய அஞ்சல் ஊழியர்கள் இந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை, நம் கடற்கரைக் கிராமங்களில் தபால் வேலை பார்ப்பவர்களில் பலர் அவர்கள்தான்.

சுயமதிப்பீட்டுப் பகுதி உள்ள படிவமாக இருந்தால், கொடுத்த வேலையைச் செவ்வனே செய்தேன் என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை கோப்பு முடித்தீர்கள், புயல் எச்சரிக்கை நாளில் எங்கே எவ்வளவு நேரம் பணியில் நின்றீர்கள், ஆள் பற்றாக்குறையில் எந்தக் கூடுதல் பிரிவைப் பார்த்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். மதிப்பிடும் அதிகாரி உங்கள் வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது பார்த்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை மறைக்கவும் முடியாது. எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கை கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும், அந்த 15 நாளைத் தவறவிடாதீர்கள்.

மனுவுக்குப் பதில் இல்லை, மேல்முறையீடும் சரிவரவில்லை என்றால், நம் மாவட்டத்து மாநில அரசு ஊழியர்கள் போக வேண்டியது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மத்திய அரசு ஊழியர்கள் சென்னையில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது நீங்கள் எப்போது எழுத்தில் கேட்டீர்கள் என்பதைத்தான். முத்திரையிட்ட அந்த நகல்களை வீட்டில் ஒரு ஃபைலில் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள்.