கத்திரி வெயிலில் 4.2 கிகாஹெர்ட்ஸ்

சங்கரன்கோவிலில் என் சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னறையில் அவர் மகன் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தான். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதிதாக எந்தச் செயலி, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சி.பி.யு., வாங்கலாம் என்று அவன் என்னைக் கேட்டது 2014-இல். பெண்டியம் என்ற பெயரின் இருபதாம் ஆண்டைக் கொண்டாட இன்டெல் ஜி3258 என்ற ஒன்றை வெளியிட்டிருந்த நேரம் அது. இரண்டு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), 3.2 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 320 கோடித் துடிப்பு), அறிமுக விலை 72 டாலர். மலிவான செயலிகளின் வேகத்தைப் பயனர் கூட்ட முடியாதபடி பூட்டிவைப்பதுதான் இன்டெல்லின் வழக்கம். இதற்கு மட்டும் பூட்டு இல்லை. விரும்பினால் 4.2 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 182 டாலர் விலையுள்ள நாலு கோர் ஐ5-4460-ஐ இது மிஞ்சிவிடும் என்றுகூடச் சொன்னார்கள்.

அவனுக்கு விளக்கம் சொல்ல நான் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்கட்டே போதுமானதாக இருந்தது.

தறியில் பாவு இழைகள், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடுகின்றன. அந்த வழியில், குறுக்கு நூலைச் சுமக்கும் கட்டையான நாடா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்கிறது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் இழைகள் மூட வேண்டும். தறி நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை இதைச் செய்கிறது. செயலியின் கடிகாரத் துடிப்பும் இதே வேலைதான். ஒவ்வொரு துடிப்பிலும் சைகை ஒரு சேமிப்பு முனையிலிருந்து புறப்பட்டு, வழியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய சுவிட்சுகளைத் தாண்டி, அடுத்த முனையில் போய் நிலைக்க வேண்டும். 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதற்குக் கிடைக்கும் நேரம் 0.31 நானோ நொடி. அதற்குள் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் போகும், அரைச் சாண்கூட இல்லை. 4.2-க்கு ஏற்றினால் அவகாசம் 0.24 நானோ நொடியாகச் சுருங்குகிறது. செயலியின் சிலிக்கான் சில்லில் உள்ள கோடிக்கணக்கான பாதைகளில் மிக மெதுவான ஒன்று அதற்குள் முடிக்காவிட்டால், நாடா நடுவழியில் இருக்கும்போதே இழைகள் மூடிக்கொள்ளும். தறியில் இழை அறுந்து தொங்கும், கண்ணால் பார்க்கலாம். செயலியிலோ ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போய் உட்காரும், யார் கண்ணிலும் படாது.

தறியின் ஓட்டத்தைக் கூட்ட மோட்டாரின் புல்லியைப் பெரிதாக மாற்றுவார்கள். ஜி3258-இலும் அதே கணக்கு. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 32, ஆக 3200. கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஓடும் பயாஸ் என்ற அமைப்பு நிரலில் பெருக்கெண்ணை 42 ஆக்கினால் 4200. புல்லி பூட்டப்பட்டிருந்த காலத்தில் மோட்டாரையே விரட்டினார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ-இன் பெருக்கெண் 4.5, அதை மாற்ற முடியாது. அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு 450-இல் ஓடியது. மலிவுச் செயலியை விரட்டி ஓட்டும் ஆசை பரவியதில் அந்தச் சில்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

புல்லியை மாற்றினால் மட்டும் போதாது. நாடாவை அடிக்கும் கட்டை இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடா அக்கரை சேராது. செயலியில் அந்த அடி மின்னழுத்தம். அழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் நிலை மாறும். இதற்கு விலை வெப்பம். நிலை மாறுவதில் செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. விவகாரமே இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

சில்லுக்குச் சில்லு எண்கள் மாறும், கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 3.2-இல் 1.05 வோல்ட் போதுமென்றால், அதே வோல்ட்டில் 3.6 வரை போக முடிகிற சில்லில் வேகம் 12.5 சதவீதம் கூடும், வெப்பமும் அவ்வளவே கூடும். நியாயமான வியாபாரம். 3.8-க்கு 1.12 வோல்ட் கேட்டால் வேகம் 19 சதவீதம், வெப்பம் 35 சதவீதம். 4.2-க்கு 1.25 வோல்ட் கேட்டால் வேகம் 31 சதவீதம், வெப்பம் 86 சதவீதம். கடைசி 0.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு பத்து சதவீத வேகத்தைத் தந்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தலையில் கட்டுகிறது. பெருமை பேச 4.2, பிழைக்க 3.8 என்றேன் அவனிடம்.

இந்தக் கூடுதல் வேகம் சில்லுக்குள் எங்கிருந்து வந்தது? பலரும் இதை இலவசம் என்று நினைக்கிறார்கள். ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சில்லுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே வயலில் விளைந்த நெல்லிலும் பதர் இருக்கிறதல்லவா? சோதித்து, தரம் பிரித்து, ஒவ்வொரு வேக முத்திரையின் கீழ் விற்கிறார்கள். மலிவு முத்திரைக்குத் தேவை அதிகம் இருந்தால் நல்ல சில்லும் அந்தக் கூடைக்குள்ளேயே விழும். அதோடு, முத்திரையில் அச்சிடும் வேகம் மிக மோசமான நிலையிலும் தாக்குப்பிடிக்க வேண்டிய வேகம். பெட்டிக்குள் அனல், இறங்கிப்போன மின்னழுத்தம், பல வருடம் உழைத்துத் தேய்ந்த சில்லு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் அது பிழையின்றி ஓட வேண்டும். அதற்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் ஓவர்கிளாக் செய்கிறவர், அதாவது முத்திரை வேகத்துக்கு மேல் ஏற்றுகிறவர், எடுத்துச் செலவழிக்கிறார். நம் ஊரில் அதில் ஒரு பகுதியைச் சித்திரை மாதமே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விசிறி மட்டும் வைத்த கூலரால் சில்லை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அது உறுதி தரும். பெட்டியோடு வரும் கூலரில், சாதாரண வேகத்தில் சில்லு அறையைவிட 30 டிகிரி அதிகமாக இருக்கிறது என்று கொள்வோம். வெப்பம் 86 சதவீதம் கூடும்போது அந்த 30, கிட்டத்தட்ட 56 ஆகும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் உட்கார்ந்து சோதிப்பவருக்குச் சில்லு 81-இல் நிற்கும், அவர் ஆகா என்று எழுதுவார். கத்திரி வெயிலில் 38 டிகிரி காயும் சங்கரன்கோவில் முன்னறையில் அதே சில்லு 94-ஐத் தொடும். சூடேறினால் மின்கசிவு கூடும், கசிவு கூடினால் இன்னும் சூடேறும். வரம்பை எட்டியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். காசு கொடுத்து ஏற்றிய வேகம் நம்மைக் கேட்காமலே இறங்கிவிடும். இந்தத் தலைமுறைச் செயலிகளில் சிலிக்கானுக்கும் மேல் மூடிக்கும் நடுவே பற்றாசுக்குப் பதிலாக வெறும் பேஸ்ட்டைத்தான் வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். வெகுநாள் அதிக மின்னோட்டமும் சூடும் சேர்ந்தால் செம்புக் கம்பிகளின் அணுக்களே மெல்ல இடம்பெயரும், ஆயுள் குறையும்.

சரி, வேகம் கூடினால் வேலை அதே அளவு சீக்கிரம் முடியுமா? நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, தீர்ந்துபோனால், தறி எத்தனை வேகத்தில் ஓடியிருந்தாலும் நிற்க வேண்டியதுதான். செயலிக்குத் தார் அதன் கேஷ் நினைவகம், இதில் 3 எம்.பி. அங்கே இல்லாத தகவலை, செயலிக்கு வெளியே இருக்கும் பெரிய நினைவகமான ராமிலிருந்து கொண்டுவர 60 நானோ நொடி ஆகிறது என்று வைத்தால், 3.2-இல் 192 துடிப்புகள் வீண். 4.2-இலோ 252 வீண். ராம் வேகமாகவில்லை, காத்திருக்கும் துடிப்புகள்தான் பெருகின.

அவனுடைய வேலைக்கு இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருந்தது. வீடியோவைக் கடைசியாக மாற்றி எழுதும் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போட முடியும். இரண்டு தறியை 4.2-இல் ஓட்டினால் 8.4, நாலு தறியை 3.2-இல் ஓட்டினால் 12.8. சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது, இரண்டு தறியை வைத்துக்கொண்டு நாலு தறிக்காரனோடு போட்டி போடுகிறவன் பட்டறைச் செலவில் அழிவான் என்றார். அவர் சொன்ன பட்டறைச் செலவும் உண்மைதான். வேகத்தைக் கூட்ட இன்டெல் கணக்கில் இசட்97 போன்ற விலை கூடிய சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) வேண்டும். சில நிறுவனங்கள் மலிவான எச்81 மதர்போர்டுப் பலகைகளிலும் பயாஸ் வழியே கதவைத் திறந்துவிட்டன என்றாலும், அந்தப் பலகைகளின் மின்சுற்று அவ்வளவு சுமைக்கென்று கட்டியதல்ல. தனிக் கூலர், மின்சாரம் தரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்ந்தால் 72 டாலருக்கும் 182 டாலருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வேகமாகக் கரையும். விளையாட்டுக்கென்றால் வேறு கணக்கு. ஒரு கோரின் வேகத்தையே நம்பியிருந்த அன்றைய பல விளையாட்டுகளில் ஜி3258 விலைக்கு மேல் உழைத்தது. ஆனால் அதே 2014-இல் வந்த ஃபார் கிரை 4 போன்றவை இரண்டே கோர் உள்ள செயலியில் தொடங்கவே மறுத்தன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் ஜி3258-ஐத்தான் வாங்கினான். கையில் இருந்த பணம் அதற்குத்தான் எட்டியது. தைப்பனியில் 42 பெருக்கெண்ணில் வைத்து, செயலி தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிக்க, பகா எண் தேடும் பிரைம்95 என்ற நிரலை இரவெல்லாம் ஓட்டிப் பார்த்தான், ஒரு பிழையும் இல்லை. சித்திரை பிறந்தது. கல்யாணங்களும் குவிந்தன, வெயிலும் ஏறியது. ஒரு வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் மணமகள் முகத்தின் மேல் பச்சைச் சதுரங்கள் வந்து உட்கார்ந்தன. பெண் வீட்டார் அதைப் பார்ப்பதற்குள் அவன் பார்த்தது கட்டபொம்மன் காலத்துப் புண்ணியம். அன்றைக்கே 36-க்கு இறக்கினான். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் பிழை செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெட்டியின் பக்கத் தகட்டில் அவன் ஒரு காகிதம் ஒட்டினான். பங்குனி முதல் ஆனி வரை 36, ஆடி முதல் மாசி வரை 42 என்று எழுதியிருந்தது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கும், அறை குளிரும், ஊர் ஆடித்தபசுக்கு நிறையும், யார் வீட்டிலும் கல்யாணம் இருக்காது. நான் போன ஒவ்வோர் ஆடியிலும் அந்தச் செயலி 4.2 கிகாஹெர்ட்ஸில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதில் சீட்டாடிக்கொண்டிருந்தான்.