டைக்னா பள்ளமா, கரையா?

இங்கிலாந்துல கோல்செஸ்டர்னு ஒரு ஊரு. ரோமானியப் படை கி.பி. 43ல வர்றதுக்கு முன்னாடியே பெரிய ஊரு, அப்போ பேரு கமுலோடூனம், குனோபெலின்ங்கிற ராஜா தன் தங்கக்காசுல ஒரு தானியக் கதிரையும் இந்த ஊர்ப் பேரைச் சுருக்கியும் போட்டிருக்கான். வடக்க கோல்ன் ஆறு, தெற்க ரோமன் ரிவர்னு இன்னொரு ஆறு. மேற்குப் பக்கம்தான் திறந்து கெடக்கு, அதனால அங்க வரிசை வரிசையா பள்ளம் வெட்டி, வெட்டின மண்ணை ஊர்ப் பக்கமா குவிச்சு, கிலோமீட்டர் கணக்குல இழுத்துட்டுப் போயிருக்காங்க. குதிரை பூட்டின ரதத்துல வர்றவன் அதைச் சட்டுனு தாண்ட முடியாது. இதைத்தான் டைக்னு சொல்றாங்க.

சரி, டைக்னா பள்ளமா மேடா? ரெண்டும்தான். பழைய இங்கிலீஷ்ல 'டீச்'னு ஒரே சொல்லு, அதுல இருந்து பிரிஞ்சதுதான் டிட்ச், டைக் ரெண்டும். டிட்ச் பள்ளத்தோட நின்னுடுச்சு. டைக் ஊருக்கு ஊரு மாறுது, ஸ்காட்லாந்துல கல்லடுக்கின சுவரு, கிழக்கு இங்கிலாந்துல சில பக்கம் தண்ணி ஓடுற வாய்க்கால், டச்சுக்காரங்க கிட்ட இதோட சொந்தக்காரச் சொல்லு கடலை மறிக்கிற கரை!

கோல்செஸ்டர்ல ஒண்ணுக்கு கிரைம்ஸ் டைக்னு பேரு. தெற்கு இங்கிலாந்துல கிரிம்ஸ் டிட்ச்னும் நிறைய இருக்கு. கிரிம்ங்கிறது அந்தக் காலத்து ஆங்கிலோ-சாக்சன் சனங்க கும்பிட்ட வோடன் சாமியோட இன்னொரு பேரு, முகத்தை மறைச்சவன்னு அர்த்தம். யாரு வெட்டினதுன்னு பின்னாடி வந்த சனங்களுக்குத் தெரியல, சாமி வேலைன்னுட்டாங்க. நம்ம பக்கம் சமணர் கற்படுக்கைய பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்றோமே, அதே மனசுதான்.

இப்போ தமிழுக்கு வருவோம், இந்த டைக்கைத் தமிழ்ல என்னன்னு எழுதுறது? அணைன்னு எழுதினா தண்ணி ஞாபகம் வருது. அகழின்னா கோட்டையச் சுத்தின பள்ளம் மட்டும்தான், கரை விட்டுப்போகுது. கிடங்குன்னு பழைய பாட்டுல அகழிக்கு ஒரு நல்ல சொல்லு இருந்துச்சு, இன்னைக்கு அதைச் சொன்னா அரிசி மூட்டை அடுக்குற குடோன்தான் கண்ணு முன்னாடி வருது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

என்னைக் கேட்டா வரம்புதான். தமிழ்நாட்டுல வயல்ல வரப்பு, ஈழத்துல அதையே வரம்புன்னுதான் சொல்றாங்க. மண்ணை வெட்டி ஏத்தின மேடும் அதுதான், உன்னுது இதுவரைக்கும் என்னுது இதுவரைக்கும்ங்கிற எல்லையும் அதுதான், வரம்பு மீறாதேன்னு சொல்றப்போ ரெண்டும் சேர்ந்தே இருக்கு பாருங்க. டைக் செய்ற வேலையும் அதேதான். பள்ளமும் இருக்குன்னு தெரியணும்ல, அதுக்கு முன்னாடி அகழ் சேர்த்துட்டா அகழ்வரம்பு. கோல்செஸ்டர்லயே லெக்ஸ்டன் டைக்னு இன்னொண்ணு மரத்தோப்புக்குள்ள இன்னும் மேடும் பள்ளமுமா நிக்குது, லெக்ஸ்டன் அகழ்வரம்புன்னு சொல்லிப் பாருங்க, போட்டோ பாக்காமலே உருவம் வந்துடும்.