டிடிஹெச் பதிவை லேப்டாப்பில் ஏற்றப் போகிறீர்களா? டிஸ்க்கைக் கழற்றாதீர்கள்

கோபி பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி போன வாரம் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். "எங்க அப்பாரு டிவியில பேசுனது இதுலதான் இருக்குதுங்ண்ணா. எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்க." மஞ்சள் சாகுபடி பற்றி அப்பாரு பேசிய நிகழ்ச்சி. அவர் இப்போது இல்லை. லேப்டாப்பில் ஏற்றி வைக்கலாமென்று, டிடிஹெச் பெட்டியிலிருந்த டிஸ்க்கை அவருடைய தம்பி கழற்றி மாட்டியிருக்கிறான். ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்க, சரி என்று அமுக்கிவிட்டான்.

ஈரோட்டில் டேட்டா மீட்பு வேலை பார்க்கிறேன். இதே கதையை எத்தனை பேரிடம்தான் கேட்பது! தனக்குப் படிக்கத் தெரியாத டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். ரத்து செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

"டிஸ்க்குல இருக்குறது வீடியோதானுங்க, காப்பி பண்ணா ஓடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடாது. கட்டண டிடிஹெச் பெட்டி எதையும் ரகசியக் குறியீட்டால் பூட்டித்தான் பதிவு செய்கிறது. சாவி அந்தப் பெட்டிக்குள்ளும் அதன் கார்டிலும் இருக்கிறது. டிஸ்க்கை ஒரு பைட் விடாமல் நகலெடுத்தாலும் பூட்டிய நகல்தான் கிடைக்கும். அதே நிறுவனத்தின் வேறொரு பெட்டியில் மாட்டினாலும் ஓடாது. யூடியூபில் சொல்லும் கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வராதீர்கள். அந்தத் தங்கச்சியின் டிஸ்க்கிலிருந்து பெரும்பகுதியை மீட்டேன். ஆனால் அதில் ஒரு காட்சிகூடத் திறக்கவில்லை. பெட்டியை அதற்கு முன்பே மாற்றிவிட்டார்களாம்.

டிடி ஃப்ரீ டிஷ் போன்ற இலவசச் சேனல் பெட்டி என்றால் கதை வேறு. அவற்றில் பலவும் பென் டிரைவில் பூட்டாத டிஎஸ் (.ts) வீடியோ கோப்பாகவே பதிவு செய்யும். கணினியில் விஎல்சி பிளேயரில் ஓடும். டிரைவ் ஃபேட்32 (FAT32) என்ற ஃபார்மேட் முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் நீண்ட நிகழ்ச்சி துண்டு துண்டாக இருக்கும். எல்லாத் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணப் பெட்டிக்கு நேரான வழி ஒன்றுதான். பெட்டியிலேயே நிகழ்ச்சியை ஓடவிட்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரை யூஎஸ்பி கேப்சர் கருவியில் செருகிக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். படம் 720க்கு 576 அளவில்தான் வரும், ஹெச்டி தெளிவு இருக்காது. ஹெச்டிஎம்ஐ ஒயரில் நகல் தடுப்பு இருப்பதால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் இது. விற்கவோ இணையத்தில் ஏற்றவோ வேண்டாம். அதற்கும் முன்னால் அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தைப் பாருங்கள், நிகழ்ச்சி அங்கேயே கிடக்கலாம்.

பெட்டி பழுதென்று சர்வீஸ்காரர் புதியது தந்தால், பழையதைக் கொடுப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். பெட்டி போனால் பதிவும் போயிற்று. பல பெட்டிகளில் ரீசார்ஜ் முடிந்தாலும் பழைய பதிவு ஓடாது, அதையும் கவனியுங்கள்.

ஃபார்மேட் கொடுத்துவிட்டீர்களா? அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள், பெட்டியில் திரும்ப மாட்டிப் பார்க்காதீர்கள். பெட்டி அதை மறுபடியும் ஃபார்மேட் செய்யக்கூடும். மீட்பவரிடம் போகும்போது டிஸ்க்கை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், பெட்டி, கார்டு, ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.