வெயிலுக்குக் காத்திருக்கும் சிறகுகள்

மார்கழி மாதம், காலை ஏழரை மணி. கொல்லைப்புறத்தில் புல் இன்னும் ஈரமாக இருக்கிறது. துளசிமாடத்தை ஒட்டிய வெறும் மண்தரையில் ஒரு நீல வசீகரன் பட்டாம்பூச்சி. சிறகுகளை முழுதாக விரித்து, தரையோடு தரையாகப் படிந்து, முதுகைக் கிழக்கு வெயிலுக்குக் காட்டியபடி அசையாமல் இருக்கிறது. பின்சிறகின் மயில்கழுத்து நீலமும் கண் போன்ற புள்ளிகளும் தெளிவாகத் தெரிகின்றன.

பத்து மணிக்கு மேல் இதே பூச்சி யாரையும் ஆறடிக்குள் அண்டவிடாது. இப்போது ஒன்றரை அடி தூரத்தில் மண்டியிட்டு, கைப்பேசியிலேயே படம் எடுக்க முடிகிறது. பார்ப்பவருக்கு அது துணிச்சலாகத் தோன்றும். பறக்கும் அளவுக்கு உடம்பு இன்னும் சூடேறவில்லை என்பதுதான் காரணம்.

நம் உடம்பு தன் சூட்டைத் தானே எப்போதும் 37 டிகிரியில் வைத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சிக்கு அந்த வசதி இல்லை. சிறகை அடிக்கும் தசைகள் அதன் நெஞ்சுப் பகுதிக்குள் இருக்கின்றன. தசை குளிர்ந்திருந்தால் மெதுவாகத்தான் சுருங்கி விரியும். அந்த வேகம் உடம்பைக் காற்றில் தூக்கப் போதாது. நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் பெரும்பாலான பட்டாம்பூச்சிகளால் நன்றாகப் பறக்க முடியும். மார்கழிக் காலையில் காற்றோ 22 டிகிரிதான் இருக்கும். மீதிச் சூட்டை வெயிலிடம்தான் வாங்கியாக வேண்டும்.

விரித்த சிறகு முழுவதும் சோலார் தகடு போல வேலை செய்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் சிறகு என்பது கைட்டின் என்ற, பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் பொருளால் ஆன மெல்லிய சவ்வு. வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. நுனியில் விழும் வெயில் பெரும்பாலும் நுனியிலேயே காற்றோடு போய்விடும். உடம்பைச் சூடேற்றுவது நெஞ்சின் மேல் நேராக விழும் வெயிலும், உடம்பை ஒட்டியிருக்கும் அடிச்சிறகும்தான். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பல இனங்களில் அந்த அடிச்சிறகு மட்டும் கறுத்திருக்கும், அதன்மேல் முடி போன்ற செதில்கள் அடர்ந்திருக்கும். தரையோடு படிந்து உட்காரும்போது சிறகுக்கும் மண்ணுக்கும் இடையில் வெதுவெதுப்பான காற்றும் தங்கிக்கொள்கிறது.

எல்லாப் பட்டாம்பூச்சியும் சிறகை விரித்துக் குளிர்காய்வதில்லை. புல்வெளியில் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சியைப் பாருங்கள். உட்கார்ந்தால் சிறகை மூடியே வைத்திருக்கும். குளிரும்போது பக்கவாட்டில் சாய்ந்து, மூடிய சிறகின் ஒரு புறத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கும்.

படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. மிக அருகில் எடுக்கும்போது சில மில்லிமீட்டர் ஆழம்தான் கூர்மையாக விழும். சிறகுப் பரப்பும் கேமராவின் முகப்பும் இணையாக இருந்தால்தான் நுனி முதல் உடம்பு வரை தெளிவு கிடைக்கும். வெயில் காயும் பூச்சி தன் சிறகைச் சூரியனுக்கு நேராக வைத்திருக்கிறது. அதனால் சூரியனை நம் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டாலே அந்த இணைகோணம் அமைந்துவிடும். ஒரே ஆபத்து, காலையில் நம் நிழல் மிக நீளம். ஓரளவு சூடேறிவிட்ட பூச்சிமேல் அந்த நிழல் ஒரு நொடி விழுந்தாலும் எழுந்து போய்விடும். சற்றே பக்கவாட்டிலிருந்து, குனிந்து, மெதுவாகப் போக வேண்டும்.

சிலர் பட்டாம்பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்துப்போனதும் பூவில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. சூடேற அது செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் பல்லிக்கும் பறவைக்கும் எளிதாக அகப்படும் நேரம். நாம் அந்த நேரத்தைக் கூட்டக் கூடாது. விடிந்ததும் எழுந்து கொல்லைக்குப் போனாலே அசையாத பட்டாம்பூச்சி கிடைக்குமே.

உச்சி வெயிலில் கதை தலைகீழ். இப்போது சூடு மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டாம்பூச்சிகள் சிறகை மூடிக்கொண்டு இலை நிழலுக்குப் போய்விடும். தட்டான்களில் பல இனங்கள் வெயிலிலேயே இருந்து சமாளிக்கின்றன. தொட்டியோ குளமோ பக்கத்தில் இருந்தால், காய்ந்த குச்சி நுனியில் ஓர் இளஞ்சிவப்பு ஆண் தட்டான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏற ஏற அது தன் வாலை மேலே தூக்கும். நுனி சூரியனைக் குறிபார்ப்பதுபோல நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்களில், வால் கிட்டத்தட்ட செங்குத்தாகவே நிற்கும்.

நெட்டுக்குத்தாக நட்ட கம்புக்கு நண்பகலில் நிழல் எவ்வளவு விழுகிறது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கிடையாகப் போட்டால் அதன் நீளம் முழுவதும் வெயில் படும். தட்டான் செய்வதும் அதுதான்: வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் விளக்கால் சூடேற்றினாலும் தூக்குகிறது. நிழல் காட்டினால் இறக்கிவிடுகிறது.

வால் என்று நாம் சொல்வது உண்மையில் அதன் வயிறு. இதயக் குழாயும் குடலும் அதற்குள்ளேதான் ஓடுகின்றன. மூச்சுத் துளைகளும் அதன் இரு பக்கமும் வரிசையாக இருக்கின்றன. அதில் நூல் கட்டி, சின்னக் கல்லைத் தூக்கவிட்டு விளையாடிய தலைமுறையில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

தட்டானைப் படம் எடுக்கத் துரத்தவே கூடாது. பெரிய இனங்களின் ஒரு கண்ணில் மட்டும் 20,000-க்கும் அதிகமான சிறுகண்கள் உண்டு. கிட்டத்தட்ட எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். ஆனால் குச்சியில் உட்காரும் இனங்கள் கொசுவையோ ஈயையோ பிடித்துவிட்டு அடிக்கடி அதே குச்சிக்கே திரும்பும். குச்சி நுனியில் ஃபோகஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மழைக்கு முன்னால் கூட்டமாகத் தாழப் பறக்கும் மஞ்சள் தும்பிகளிடம் மட்டும் இந்த வழி பலிக்காது. இந்தியப் பெருங்கடலையே கடந்து ஆப்பிரிக்கா போகிற கூட்டம் அது; பகலில் உட்கார்வதே அரிது.

இரவில் வெயிலே இல்லை. அப்படியானால் அந்துப்பூச்சி எப்படிப் பறக்கிறது? விடை எங்கள் வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே, சுவரில் கிடைத்தது. அரளி இலை தின்று வளர்ந்த பச்சைநிறப் பருந்து அந்து ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் சிறகு நுனிகள் நடுங்கத் தொடங்கின. உடம்பு இடத்தைவிட்டு நகரவில்லை. சிறகை மேலே தூக்கும் தசையையும் கீழே இறக்கும் தசையையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இயக்குவதால் வரும் நடுக்கம் அது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் சிறகு அடிப்பதில்லை. செலவாகும் சக்தி சூடாக மாறுகிறது. நெஞ்சைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த செதில்கள் அந்தச் சூட்டைக் கம்பளிபோலக் காக்கின்றன. குளிர் இரவென்றால் இதற்குப் பல நிமிடம் பிடிக்கும், புழுக்கமான இரவில் ஒரு நிமிடமே போதும்.

பறக்கும்போது பருந்து அந்தின் நெஞ்சு 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் போகாமல் காப்பது அதன் வயிறுதான்: நெஞ்சின் மிகைச் சூட்டைக் குருதி வயிற்றுக்குக் கொண்டுபோய் வெளியேற்றுகிறது. அமெரிக்காவின் புகையிலைப் பருந்து அந்தை வைத்து, பூச்சி ஆய்வாளர் பெர்ண்ட் ஹைன்ரிக் 1970-இல் இதைக் காட்டினார். வயிற்றிலிருந்து நெஞ்சுக்குக் குருதியைக் கொண்டுபோகும் முதுகுக் குழாயைக் கட்டிவிட்டதும், பறந்த பூச்சிக்குச் சூடு எல்லை மீறியது.

அந்த நடுக்கம் தொடங்கியதுமே ஃபிளாஷ் போடாமல் வாசல் விளக்கிலேயே மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் உடம்பின் பச்சை வரிகள் துல்லியமாக விழுந்திருக்கின்றன, சிறகு ஓரம் மட்டும் புகைபோலக் கலங்கியிருக்கிறது. நான்காவதில் வெறும் சுவர்.