பழைய சர்ச்சுக்குப் போனால் சுவரின் கீழ் மூன்றடியைப் பாருங்கள்

கோவை ரேஸ்கோர்ஸில் 1872-இல் கட்டிய ஆல் சோல்ஸ் சர்ச், பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம், ஈரோட்டில் பிரப் சர்ச், சேலத்தில் ராபர்ட் சிசோம் வடிவமைத்த கிறிஸ்து ஆலயம். கொங்கு நாட்டில் பார்க்க வேண்டிய பழைய ஆலயங்களுக்குக் குறைவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து வளைவுகளையும் வண்ணக் கண்ணாடியையும் படம் எடுத்துப் போகிறார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது தரையையொட்டிய மூன்றடிச் சுவருக்குத்தான்.

திருப்பலி, ஆராதனை இல்லாத வார நாளில், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேரே பார்க்கும்போது தெரியாத உப்பல் எல்லாம் நிழலாகத் தெரியும். அந்த இடத்தை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் பொள்ளென்று கேட்கும். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும். இதன்மேல் அரை அங்குலம் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, செங்கல்லையே மாவாக்கும். "சிமெண்ட்டுன்னா கல்லாட்டம் நிக்குமுங்க" என்று கொத்தனார் சொல்வது பொய்யில்லை. பூச்சு நிற்கும், பின்னால் செங்கல் இருக்காது. உப்பைப் பார்த்து இன்னும் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசுவார்கள், உப்பும் பின்னாலேயே ஏறும். பிளாஸ்டிக் எமல்ஷன், சுவரோரக் கிரானைட், உள்ளே வழவழ டைல்ஸ், வெளியே தரைமட்டத்துக்கு மேல் உயர்த்திப் போட்ட பேவர் பிளாக் எல்லாம் செய்வது இதே கெடுதலைத்தான். நன்கொடையாக வருவதும் பெரும்பாலும் இவைதான் என்பது வேறு விஷயம்.

பழுது பார்ப்பதை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழக்கூடாது. வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு, ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை சிமெண்ட்டைச் சுத்தியலும் உளியும் கொண்டு எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும்.

புதுப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு மூன்று, நான்கு வாரமாவது தண்ணீரில் ஊற வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். ஒரு பூச்சு 12 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரத்துக்குமேல் நனைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலிருக்கும் கரியமில வாயுவால், அதற்கு ஈரம் வேண்டும். பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான்: வெயிலில் விட்டால் கையில் மாவாக வரும். முதல் பூச்சு சில வருஷத்தில் உப்பை வாங்கி உதிர்ந்தால் வருந்த வேண்டாம், சுவருக்குப் பதில் அது உதிர்கிறது.

கரிசல் மண்ணில் நிற்கும் கட்டடங்களில் விரிசல் மே மாதம் வாய்விட்டு, நவம்பரில் மூடும். மண் காய்ந்து சுருங்குவதும் நனைந்து உப்புவதும்தான் காரணம். கோடையில் அதற்குள் சிமெண்ட்டைத் திணித்தால், மழையில் மூட இடமில்லாமல் பக்கத்தில் புது விரிசல் விடும். விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, ஒரு வருஷம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கோபுரத்தில் அரசங்கன்று இருந்தால் பிடுங்கச் சொல்லாதீர்கள், கல்லோடு வரும். வெறுமனே வெட்டினாலும் வேர் தடிக்கும். வெட்டிய உடனே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு இடுக்கைச் சுண்ணாம்பால் அடைப்பதே முறை.

கிறிஸ்துமஸுக்குப் புதுசாகத் தெரியட்டும் என்று நவம்பரில் பெயிண்ட் அடிப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் சுவர் நிறைய ஈரம் குடித்திருக்கும் மாதம் அது. பங்குக் கமிட்டியில் உங்களுக்குப் பேச்சு உண்டென்றால், வெள்ளையடிப்பை ஈஸ்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். பெயிண்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு, மெல்லிசாக மூன்று கை.